‘சட்டைவா’ என்றால் விதைத்தது

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்) மாணவி

தாவரவியல் படிக்கும் மாணவர் எவரையேனும் நிறுத்தி, “உங்கள் பாடத்தில் எது மிகவும் கடினம்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒளிச்சேர்க்கை என்று சொல்ல மாட்டார். மரபியல் கணக்கு என்றும் சொல்ல மாட்டார். “பெயர்கள்” என்றுதான் சொல்வார். செடி தெரியும். இலை தெரியும். பூவைப் பிரித்து மகரந்தத் தாள்களை எண்ணிச் சொல்லவும் தெரியும். ஆனால் அந்தச் செடியின் அறிவியல் பெயரை எழுது என்றால் பேனா நின்றுவிடும். தேர்வுக்கு முதல் நாள் இரவு, பொருள் அறியாமல், மந்திரம் போல் உருப்போட்டுப் படிப்பதும், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவதும் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது.

நெல்லின் பெயர் ‘ஒரைசா சட்டைவா’ என்று முதன்முதலில் கேட்டபோது எங்கள் வகுப்பே சிரித்தது. “சட்டையே, வா!” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டாணி ‘பைசம் சட்டைவம்’, முள்ளங்கி ‘ரஃபானஸ் சட்டைவஸ்’ என்று அடுத்தடுத்து வந்தபோது சிரிப்பு அடங்கிப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரே சொல்தானே இது? ஓரிடத்தில் ‘வா’ என்றும், ஓரிடத்தில் ‘வம்’ என்றும், ஓரிடத்தில் ‘வஸ்’ என்றும் ஏன் முடிகிறது? இதற்குக் காரணம் உண்டா? அல்லது பெயர் வைத்தவர்கள் விருப்பம் போல் வைத்தார்களா?

காரணம் உண்டு நண்பர்களே! அந்தக் காரணம் மிக எளியது. தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் பத்து நிமிடத்தில் விளங்கக் கூடியது. அதை முதல் வகுப்பிலேயே, தமிழிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்து. என் கட்சிக்குச் சாட்சியாக ஒரே ஒரு சொல்லை அழைக்கிறேன். அது நாம் சிரித்த அதே ‘சட்டைவா’ தான்.

சொல் பிறந்த இடம்

‘சட்டைவா’ என்பது ஆங்கிலேயர் உச்சரிப்பின் வழியே நம்மிடம் வந்த வடிவம். பழைய ரோமாபுரியில் அதைச் ‘சதீவா’ என்பது போல ஒலித்திருப்பார்கள். இலத்தீனில் ‘செரெரே’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதற்கு ‘விதைத்தல்’ என்று பொருள். இலத்தீன் அகராதிகளில் ஒரு வினையை நான்கு வடிவங்களில் கொடுப்பது வழக்கம்: செரோ (விதைக்கிறேன்), செரெரே (விதைத்தல்), சேவி (விதைத்தேன்), சாதும். இந்த நான்காவது வடிவத்திலிருந்துதான் ‘சாதுஸ்’, அதாவது ‘விதைக்கப்பட்ட’ என்னும் எச்சச் சொல் வருகிறது. அதன் அடியோடு ‘ஈவுஸ்’ என்னும் விகுதியைச் சேர்த்தால் நம்முடைய பெயரடை பிறந்துவிடும். ‘விதைக்கப்படுகிற, நடப்படுகிற, பயிரிடப்படுகிற’ என்பது அதன் பொருள்.

இந்த ‘ஈவுஸ்’ விகுதி நமக்கு முன்பே பழக்கமானதுதான். பிடிபட்டவன் ‘கப்தீவுஸ்’, அதுவே ஆங்கிலத்தில் ‘கேப்டிவ்’ ஆயிற்று. பிறப்போடு வந்தது ‘நாதீவுஸ்’. அதுவே ‘நேட்டிவ்’ ஆயிற்று. சான்றிதழ்களில் ‘நேட்டிவிட்டி’ என்று எழுதித் தாசில்தாரிடம் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தச் சொல்லும் நெல்லின் பெயரில் உள்ள சொல்லும் ஒரே விகுதி கொண்டவை.

இச்சொல்லுக்கு உறவினரும் உண்டு. விதைக்கும் செயலை ரோமர் ‘சாதியோ’ என்றனர். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் போய் ‘சீசன்’ ஆயிற்று. சீசன் என்றால் முதலில் விதைப்புக் காலம். பருவம் என்ற பொதுப் பொருள் பின்னால் வந்தது. விதைப்புக் காலத்தைத் தமிழில் நாம் ‘பட்டம்’ என்கிறோம். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி எல்லோருக்கும் தெரியும். நாம் கல்லூரிக்கு வந்திருப்பதும் ஒரு பட்டத்துக்குத்தான்! அதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல் ‘செமினாரியும்’. அதற்கு நாற்றங்கால் என்று பொருள். அச்சொல்தான் இன்று நம் துறைகளில் நடக்கும் ‘செமினார்’. பேசத் தயங்கிக் கைகால் நடுங்க நிற்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் நிற்கும் இடம் நாற்றங்கால். அங்கே யாரும் முற்றிய கதிரை எதிர்பார்க்க மாட்டார்கள்.

நெல் மட்டுமா?

இப்பெயரடை நெல்லோடு நிற்கவில்லை. நம் சமையலறையில் பாதி இதற்குள் அடங்கும். பூண்டு ‘அல்லியம் சட்டைவம்’. கொத்தமல்லி ‘கொரியாண்ட்ரம் சட்டைவம்’. வெள்ளரி ‘குக்குமிஸ் சட்டைவஸ்’. கருஞ்சீரகம் ‘நைஜெல்லா சட்டைவா’. குங்குமப்பூ ‘குரோக்கஸ் சட்டைவஸ்’. மாட்டுத் தீவனமான குதிரை மசால் ‘மெடிக்காகோ சட்டைவா’. ஓட்ஸ் ‘அவீனா சட்டைவா’. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்பீஷிஸ் பிளாண்டாரம்’ என்னும் நூலில்தான் தாவரங்கள் அனைத்துக்கும் இருசொற்பெயர் முறை ஒழுங்காகக் கையாளப்பட்டது. நெல், பட்டாணி, பூண்டு ஆகியவற்றின் இப்பெயர்கள் அந்நூலில் உள்ளவையே.

ஆனால் சொல்லை லின்னேயஸ் படைக்கவில்லை. அவருக்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமாபுரி எழுத்தாளர்கள் செடிகளைப் பற்றி எழுதும்போது இரண்டு பெயரடைகளை எதிரெதிராக வைத்தார்கள். ஒன்று நம்முடைய ‘சட்டைவஸ்’; மற்றொன்று ‘சில்வெஸ்ட்ரிஸ்’. பின்னது காடு என்று பொருள்படும் ‘சில்வா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. காட்டில் தானாக முளைப்பது சில்வெஸ்ட்ரிஸ். மனிதன் விதைப்பது சட்டைவஸ். நம் ஊர் ஈச்ச மரத்தின் பெயர் ‘ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ்’. சர்க்கரை நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் கொடுக்கும் சிறுகுறிஞ்சான் ‘ஜிம்னீமா சில்வெஸ்ட்ரே’. இவை ‘காட்டுக்குரியவை’ என்று அறிந்துகொண்டால் இனி அப்பெயர்களை நாம் மறப்போமா?

இடையில் ஒன்று. ‘ஒரைசா’ என்னும் முதற்சொல் தமிழ் ‘அரிசி’யிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்று கால்டுவெல் கருதினார். அன்று, ஈரானிய மொழிகளின் வழியே சென்றது என்று வாதிடும் மொழியறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு பெயர்ச்சொல்லைப் பற்றியது. அதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் அதை ஒட்டி நிற்கும் பெயரடையின் மேல் காட்டலாம் என்பது என் எண்ணம்.

‘வஸ்’, ‘வா’, ‘வம்’

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். இலத்தீனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பால் என மூன்று. நம் தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. கல்லும் மண்ணும் நெல்லும் அஃறிணை என்பதில் ஐயமில்லை. இலத்தீனில் அப்படியன்று. பால் பெரும்பாலும் சொல்லைப் பொறுத்தது. ‘ஒரைசா’ பெண்பால். ‘குரோக்கஸ்’ ஆண்பால். ‘பைசம்’ இரண்டும் அல்லாத பால். இதில் செடியின் ஆண் பூ, பெண் பூவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இது சொல்லின் குணமே தவிரச் செடியின் குணம் அன்று.

பெயரடை தனக்கு முன் நிற்கும் பேரினப் பெயரின் பாலைப் பின்பற்ற வேண்டும். ஆகவே குரோக்கஸ் சட்டைவஸ், ஒரைசா சட்டைவா, பைசம் சட்டைவம். சொல் ஒன்றே, விகுதி மூன்று. இதுதான் முழு இரகசியம்!

தமிழில் இதற்கு இணை இல்லையா? உண்டு. ‘நல்ல மாணவன், நல்ல மாணவி, நல்ல மரம்’ என்னும்போது நம் பெயரடை அசைவதில்லை. ஆனால் அதையே ‘நல்லவன், நல்லவள், நல்லது’ என்று சொல்லும்போது பால் காட்டும் விகுதி வந்துவிடுகிறது. இலத்தீன் பெயரடை எப்போதும் இந்த இரண்டாவது வகை. ‘விதைக்கப்பட்டவன், விதைக்கப்பட்டவள், விதைக்கப்பட்டது’ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் வஸ், வா, வம் ஆகிய மூன்றும் அடங்கிப் போகும். ஐம்பாலும் மூவிடமும் எட்டாம் வகுப்பிலேயே படித்து வந்த நமக்கு இது ஒரு பாரமா?

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘விதைத்த உழவர்’ என்றாலும் ‘விதைத்த நெல்’ என்றாலும் தமிழில் ஒரே பெயரெச்சம்தான். யார் விதைத்தார், எது விதைக்கப்பட்டது என்பதை இடம் நோக்கி உணர்ந்துகொள்கிறோம். இலத்தீனில் ‘சாதுஸ்’ என்றால் செயப்பாட்டுப் பொருள் மட்டுமே. அது உழவரைக் குறிக்காது, விதையையே குறிக்கும்.

சில கண்ணிகளும் இருக்கின்றன. ‘அஸ்’ என்று முடிந்தால் ஆண்பால் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. மரங்களின் பெயர்களைப் பெண்பாலாகக் கொள்வது ரோமர் வழக்கு. அதனால்தான் அரச மரம் ‘ஃபைகஸ் ரிலிஜியோசஸ்’ ஆகாமல் ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’ ஆயிற்று. புளிய மரம் ‘டாமரிண்டஸ் இண்டிகஸ்’ ஆகாமல் ‘டாமரிண்டஸ் இண்டிகா’ ஆயிற்று. எள்ளோ மரமன்று, பெயரும் ‘அம்’ என்று முடிகிறது. ஆகவே ‘செசாமம் இண்டிகம்’. வேறு சில பெயரடைகளுக்கு இரண்டே வடிவங்கள்தான். ஈச்ச மரத்தில் ‘சில்வெஸ்ட்ரிஸ்’ என்றிருந்தது சிறுகுறிஞ்சானில் ‘சில்வெஸ்ட்ரே’ ஆனதை மேலே கவனித்திருப்பீர்கள். ஜிம்னீமா என்னும் சொல் ‘ஆ’ என்று முடிந்தாலும் கிரேக்க வழிவந்த இரண்டும் அல்லாத பால். இவ்வளவுதான் விதிவிலக்கு, மீதி பழக்கத்தில் வந்துவிடும்.

இது வெறும் அழகுக்காக அன்று. தாவரப் பெயர்ச்சூட்டுச் சட்டமே இப்படி இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஒருவர் புதுச் செடிக்குப் பெயர் வைக்கும்போது பெயரடையின் விகுதியைப் பால் மாற்றி எழுதிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அதைத் திருத்தியே வழங்க வேண்டும்.

பட்டாணியின் வழக்கு

இலக்கணமும் சட்டமும் எப்படி இணைந்து வேலை செய்கின்றன என்பதற்குப் பட்டாணியே சான்று. மெண்டல் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தி, 1866-இல் அச்சான கட்டுரையின் மூலம் புகழ் பெறச் செய்த பட்டாணி, ‘பைசம் சட்டைவம்’ என்று நம் பாடநூல்களில் இருக்கிறது. இன்று தாவரவியலாளர் சிலர் பட்டாணியை ‘லாத்திரஸ்’ என்னும் பேரினத்தோடு சேர்க்க வேண்டும் என்கிறார்கள். லாத்திரஸ் ஆண்பால். அப்படியானால் ‘லாத்திரஸ் சட்டைவஸ்’ என்று விகுதியை மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றும். முடியாது! ஏனெனில் அந்தப் பெயரை லின்னேயஸ் 1753-லேயே கேசரிப் பருப்புக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பெயர் இரண்டு செடிக்கு ஆகாது. ஆகவே அவர்கள் பட்டாணியை ‘லாத்திரஸ் ஒலரேசியஸ்’ என்று வழங்குகிறார்கள். ‘ஒலரேசியஸ்’ என்றால் காய்கறியாகப் பயன்படுவது.

பொருள் தெரியாதவருக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பெயர். பொருள் தெரிந்தவருக்கோ ‘விதைத்தது’ என்ற பட்டம் பறிபோய்க் ‘கறிக்கானது’ என்ற பட்டம் கிடைத்த கதை. எது மனத்தில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

விதைத்தது யார்?

இனி நான் சொல்லப் போவது இலக்கணத்தை விட முக்கியமானது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா நாற்று விடுவார், உழுவார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். ஒரு நாள் இரவு நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: “அது என்னடி, சட்டை சட்டைங்கிற?”

“நெல்லுக்கு லத்தீன்ல பேரும்மா. வெதச்ச நெல்லுன்னு அர்த்தம்.”

“வெதைக்காம நெல்லு எங்கேருந்து வரும்? இதச் சொல்லவா ஒரு புத்தகம்?” என்று அம்மா சிரித்தார்.

திண்ணையிலிருந்த அப்பா சொன்னார்: “ஏன், வாய்க்கா ஓரத்துல தானா மொளைக்கிற காட்டு நெல்லு இல்லையா? கதிரு முத்துறதுக்குள்ள மணியெல்லாம் கொட்டிப் போயிடும். அத யாரு வெதச்சா?”

எழுதப் படிக்கத் தெரியாத அப்பா சொன்ன இரண்டு வரியில் ‘சில்வெஸ்ட்ரிஸ்’, ‘சட்டைவா’ ஆகிய இரண்டும் இருந்தன. அறிவியல் சொல்வதும் அதுவே. காட்டு நெல்லின் மணி முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். அடுத்த தலைமுறையைத் தானே விதைத்துக்கொள்ளும். நாம் பயிரிடும் நெல்லின் மணி அறுவடை வரை கதிரிலேயே நிற்கும். நம் நெல்லுக்கு மூதாதை ‘ஒரைசா ரூஃபிபோகான்’ என்னும் காட்டு நெல். சீனத்து யாங்சி ஆற்றுப் படுகையில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் அதை விதைக்கவும் அறுக்கவும் தொடங்கினார்கள். உதிராத கதிரே அவர்கள் கைக்கு அதிகமாகக் கிடைத்தது. அதிலிருந்தே மறுபடியும் விதைத்தார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்தபோது நெல் தன்னைத் தானே விதைக்கும் திறனை இழந்தது. இனி மனிதன் விதைத்தால்தான் அது உண்டு. அந்த உறவைத்தான் ‘சட்டைவா’ என்னும் ஒரே சொல் சொல்கிறது.

குங்குமப்பூவின் கதை இன்னும் வியப்பானது. அது மும்மடியச் செடி. அதன் குரோமோசோம்கள் எட்டு எட்டாக மூன்று தொகுதி, மொத்தம் 24. அதனால் அது விதையே வைப்பதில்லை. காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில் ஒவ்வொரு செடியும் மனிதன் கையால் கிழங்கு பிரித்து நடப்பட்டே பெருகுகிறது. விதையே இல்லாத செடிக்கு ‘விதைத்தது’ என்று பெயர்! ஆயினும் பெயர் பொய்யன்று. மனிதன் கை இல்லாமல் அது இல்லை என்பதால் மற்ற எல்லாச் செடிகளையும் விட அதற்கே இப்பெயர் பொருந்தும்.

அதே வேளையில் பெயரே முழு உண்மை என்றும் நினைத்துவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றுப் பகுதி மக்கள் வேறொரு நெல்லைத் தாங்களே காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ‘ஒரைசா கிளாபெரிமா’. ‘மிகவும் வழவழப்பான, சுணையே இல்லாத’ என்பது பொருள். அதுவும் விதைத்த நெல்தான். ஆனால் அந்தப் பெயர் நெல்லின் தோலைப் பற்றிச் சொல்கிறதே தவிர, விதைத்த மக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெயரின் பொருளை அறிந்தவரால்தான் பெயர் எதை விட்டுவிட்டது என்றும் கேட்க முடியும்.

நெல்லின் முழுப் பெயரை எழுதும்போது இறுதியில் ‘எல்’ என்று ஓர் எழுத்தைச் சேர்க்கிறோம். அது லின்னேயஸின் கையொப்பம் போன்றது. பெயர் சூட்டியவருக்கு நாம் செய்யும் மரியாதை. அம்மரியாதை அவருக்கு உரியதே. ஆனால் அதற்கு முன் நிற்கும் ‘சட்டைவா’ யாருடைய கையொப்பம்? பெயர் தெரியாமல், கல்வெட்டில் ஏறாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேற்றில் நின்று விதைத்தவர்களின் கையொப்பம் என்பேன். நம் பெற்றோர் அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர்கள். நாம் மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும், எந்தக் கூரையிலிருந்து வந்தாலும், அறிவியலின் புத்தகத்தில் நம் வீட்டாரின் வேலை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பொருள் சொல்லாமல் பாடம் நடத்தினால் அந்த வரியைத்தான் நம்மிடமிருந்து மறைக்கிறோம்.

மறுப்புகளும் விடைகளும்

“பாடத்திட்டமே முடியவில்லை, இதற்கு ஏது நேரம்?” என்று கேட்பார்கள். இலக்கணம் முழுவதையும் நடத்தச் சொல்லவில்லை. முதல் ஆண்டின் முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். நூறு பெயரடை தெரிந்தால் நம் பாடநூலில் உள்ள பெயர்களில் பெரும்பகுதி திறந்துகொள்ளும். ‘நைக்ரம்’ கருப்பு என்று தெரிந்தால் மணத்தக்காளி ‘சொலானம் நைக்ரம்’ கண்முன் நிற்கும். ‘டியூபரோசம்’ கிழங்குள்ளது, உருளைக்கிழங்கு ‘சொலானம் டியூபரோசம்’. ‘எஸ்குலண்டஸ்’ உண்ணத்தக்கது, வெண்டை ‘ஏபெல்மாஸ்கஸ் எஸ்குலண்டஸ்’. ‘அன்னுவஸ்’ ஓராண்டு வாழ்வது. சூரியகாந்தி ‘ஹீலியாந்தஸ் அன்னுவஸ்’. இரண்டு மணி நேரம் செலவழித்து மூன்று ஆண்டு உருப்போடும் வேலையை மிச்சப்படுத்தலாம்.

“இலத்தீன் செத்த மொழி, அதைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? தமிழ்ப் பெயர் போதாதா?” என்பார் சிலர். தமிழ்ப் பெயர் வேண்டும்தான்; அதை விட்டுவிட நான் சொல்லவில்லை. ஆனால் கொத்தவரை என்று ஒரு மாவட்டத்தில் சொல்வதையே சீனி அவரை என்று இன்னொரு மாவட்டத்தில் சொல்கிறோம். தமிழுக்குள்ளேயே இப்படி என்றால் உலகம் முழுவதும் எப்படி இருக்கும்? யாவருக்கும் பொதுவாக ஒரு பெயர் தேவை. புதுச் செடியின் விளக்கத்தை இலத்தீனில்தான் எழுத வேண்டும் என்றிருந்த கட்டாயம் 2011-இல் மெல்போர்னில் கூடிய மாநாட்டின் முடிவால் 2012 சனவரி முதல் நீங்கியது. இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆனால் பெயர் மட்டும் இன்றும் இலத்தீன் வடிவில்தான் இருக்க வேண்டும்.

அது செத்த மொழியாக இருப்பதிலேயே நமக்கு ஒரு நன்மையும் உண்டு. இன்று அது யார் வீட்டிலும் தாய்மொழியாகப் பேசப்படவில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தவருக்கும் அது புதிது. அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்த எனக்கும் அது புதிது. ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கும் இடம் இது ஒன்றுதான். அப்படி இருந்தும் நாம் பின்தங்குவதற்குக் காரணம், அதையும் ஆங்கிலம் என்று எண்ணிப் பயந்துவிடுவதுதான்.

இந்தப் பயம் சிறிய காரியமன்று. எங்களோடு சேர்ந்த தோழி ஒருத்தி முதலாண்டு முடியும் முன்பே நின்றுவிட்டாள். வீட்டில் வேறு கஷ்டங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவள் என்னிடம் சொன்னது, “இந்தப் பேரெல்லாம் நம்ம வாய்க்கு வராதுடி” என்பதுதான். பத்து வகைக் கீரையைக் கண்ணால் பார்த்தே பிரித்துச் சொல்லக் கூடியவள் அவள். எங்கள் வகுப்பில் அவளுக்கு இணையாகச் செடி தெரிந்தவர் யாரும் இல்லை. இன்று ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். கஷ்டத்தைக் கல்லூரியால் தீர்த்திருக்க முடியாமல் போகலாம். ‘நம்ம வாய்க்கு வராது’ என்ற எண்ணத்தைத் தீர்த்திருக்க முடியும்.

இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். தாவரவியலார் உலகெங்கும் கையில் வைத்திருக்கும் ‘பொட்டானிகல் லத்தீன்’ என்னும் நூலை 1966-இல் வெளியிட்டவர் வில்லியம் ஸ்டெர்ன். அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே செடிகளைக் கற்றவர். அவர் வாய்க்கு வந்தது நம் வாய்க்கு வராதா?

என் வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களிடமும் சக மாணவர்களிடமும் நான் வைப்பவை நான்கே.

முதலாவது, முதலாண்டின் தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் பெயரடைகளுக்கும் மூன்று பால்களுக்கும் ஒதுக்க வேண்டும். தமிழிலேயே நடத்த வேண்டும். வேண்டுமானால் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரையும் அழைத்து, ‘நல்லவன், நல்லவள், நல்லது’ என்பதோடு ஒப்பிட்டு விளக்கச் செய்யலாம்.

இரண்டாவது, கரும்பலகையில் ஒரு செடியின் பெயரை எழுதும்போது அதன் பொருளையும் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது, கல்லூரித் தோட்டத்து மரங்களில் தொங்கும் தகரப் பலகைகளில் பெயருக்குக் கீழே அதன் தமிழ்ப் பொருளும் இருக்க வேண்டும். பிற துறை மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் படித்துப் பயன் பெறுவர். பலகை எழுதும் பொறுப்பை மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

நான்காவது, தேர்வில் பெயரை மட்டும் கேளாமல், பெயரின் பொருளையும் ஒரு மதிப்பெண்ணுக்கேனும் கேட்க வேண்டும். ‘ஒரைசா சட்டைவஸ்’ என்று எழுதிய விடையில் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமே. ஆனால் ‘வஸ்’ ஏன் தவறு என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் குறைப்பதுதான் முழு நியாயம்.

கேட்டது பெரிதன்று. புதுக் கட்டடம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சொல்லுக்குப் பொருள் கேட்கிறோம். அடுத்த ஆண்டு இக்கல்லூரிக்கு வரும் தங்கை ஒருத்தி, நெல்லின் பெயரைக் கேட்டதும் சிரிக்காமலும் பயப்படாமலும், “விதைத்தது என்று பொருள், ஒரைசா பெண்பால், ஆகவே சட்டைவா” என்று எழுந்து நின்று சொல்வாளானால், அவள் மூன்று ஆண்டும் படித்து முடிப்பாள் என்று நான் நம்புகிறேன்.